"அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ": வன்னியில் ஒரு வாடகை அறை தேடுதல்

கடந்த ஆவணியில் ஒரு சனிக்கிழமை. நானும் தங்கச்சியும் வவுனியாவில் ஐந்து வீட்டுக் கேற்றைத் தட்டினோம்.

தங்கச்சி வவுனியாப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்துக்குப் போகிறாள். முதல் வருடம் விடுதியில் இருந்தவள். விடுதியில் எல்லாருக்கும் எல்லா வருடமும் இடம் கிடைக்காது என்பது எந்தப் பல்கலைக்கழகத்திலும் உள்ள கதைதான். ஆகவே வெளியில் றூம் எடுக்க வேண்டும். எங்கட வீடு புதுக்குடியிருப்புப் பக்கம், போய்வந்து படிக்க ஏலாது. நான் யாழ்ப்பாணத்தில் கலைப்பீடம். மூன்று வருடத்தில் மூன்று றூம் மாறியவள். அந்த அனுபவம் தந்த துணிவில், "நீங்கள் வரவேண்டாம் அம்மா, நான் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

முதல் வீடு குருமன்காட்டில். கேற்றுக்கு வெளியே நின்றபடியே விசாரணை தொடங்கியது.

"எவடம் பிள்ளை?"

"புதுக்குடியிருப்பு அன்ரி."

"சொந்த இடமே அதுவோ?"

"ஓம் அன்ரி."

"அப்பா என்ன செய்யிறார்?"

"அப்பா இல்லை."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றா. பிறகு சொன்னா: "அப்ப மாமா, சித்தப்பா, ஆராவது ஒரு ஆம்பிளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. பிறகு பாப்பம்."

அன்றைக்கு ஐந்து வீட்டில் மூன்று வீட்டில் இந்தக் கேள்வி வந்தது. சொற்கள் மட்டும் கொஞ்சம் வேறு. ஒருவரும் எங்களை ஏசவில்லை. இரண்டு வீட்டில் தேத்தண்ணி கூடத் தந்தார்கள். ஆனால் றூமைக் காட்டுவதற்கு முதலே எங்களைப் பார்த்து முடித்துவிட்டார்கள்.

வாடகைக்கு இடம் தேடுவது பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை எல்லாருக்கும் தெரியும். உங்கள் தேவைகளைப் பட்டியலிடுங்கள், வரவு செலவைக் கணக்கிடுங்கள், பல இடங்களைப் பார்த்து ஒப்பிடுங்கள், பிடித்ததைத் தெரிவு செய்யுங்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் தெரிவு செய்கிறவர் நாங்கள் என்ற நினைப்பில் அது நிற்கிறது. வன்னியில் அனேகமாக வீடுதான் எங்களைத் தெரிவு செய்கிறது. அதனால் நான் சொல்ல வருவது இதுதான்: எங்களுக்கு ஏற்ற வாடகை இடம் கிடைக்க வேண்டுமென்றால், வாடகைக்கு இருப்பதை முதலில் வெளிப்படையாகப் பேசுகிற, தாளில் எழுதுகிற ஒரு விசயமாக மாற்ற வேண்டும். மற்றதெல்லாம் பிறகுதான்.

வாடகைக்காரரை ஒருவரும் நினைக்காத ஊர்

2009 இல் எனக்கு ஆறு வயது. மெனிக் பாமில் ஒரு கூடாரத்துக்குள் எத்தனை பேர் இருந்தோம் என்று அம்மாவைக் கேட்டால் இன்றைக்கும் விரலை மடித்து எண்ணுவா. அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் முழுதாக மூடப்பட்டது. அதற்குப் பிறகு வன்னியில் எல்லாருடைய வாயிலும் இருந்த ஒரே சொல் "வீட்டுத்திட்டம்". இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஐந்து இலட்சத்து ஐம்பதாயிரம் ரூபா, கட்டம் கட்டமாகக் கொடுத்தார்கள். குடும்பங்கள் தங்கள் காணியில் தாங்களே நின்று கட்டின. எங்கட வீடும் அப்படி வந்ததுதான். அம்மா மண் சுமந்து கட்டின வீடு. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் கவனித்துப் பாருங்கள். போருக்குப் பிறகு இங்கே வீடு என்று யோசித்த எல்லாரும், அரசாங்கம், வெளிநாடுகள், தொண்டு நிறுவனங்கள், எல்லாரும், "காணி இருக்கிற குடும்பத்துக்குச் சொந்த வீடு" என்றே யோசித்தார்கள். வாடகைக்கு வரப்போகிறவரைப் பற்றி யோசித்தவர் குறைவு. அந்த வாடகைக்காரர் பிறகு வந்தார். கிளிநொச்சி அறிவியல் நகருக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் வந்தன. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமானது. ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. வெளி மாவட்டத்திலிருந்து ஆசிரியர்கள், தாதியர், வங்கி ஊழியர், அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் வந்தார்கள். இவ்வளவு பேரும் எங்கே படுப்பது?

இரண்டு அறை வீட்டில் பின்பக்கம் ஒரு அறை இறக்கி, மேலே சீற் போட்டு, "றூம் வாடகைக்கு" என்று ஒரு மட்டையில் எழுதிக் கேற்றில் கட்டினார்கள். வன்னியின் வாடகைச் சந்தை பெரும்பாலும் இதுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வன்னியில், குறிப்பாகக் கிளிநொச்சியின் குடியேற்றத் திட்டப் பகுதிகளில், நிறையக் காணிகள் பெர்மிட் காணிகள். 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்தவை. அவற்றை உரித்துக்காரர் நினைத்தபடி கைமாற்றவோ குத்தகைக்கு எழுதிக் கொடுக்கவோ முடியாது. அதனால் வீட்டுக்காரர் எதையும் எழுத்தில் தரத் தயங்குகிறார். "எழுத்தொண்டும் வேண்டாம் தம்பி, நம்பிக்கைதானே" என்று அவர் சொல்வதில் கொஞ்சம் நம்பிக்கையும் மிச்சம் பயமும் இருக்கிறது.

மலிவான றூம் மலிவில்லை

இனி வரவு செலவு. மகாபொல 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 இலிருந்து 7,500 ஆனது. கொஞ்சம் மூச்சுவிடலாம் என்று எல்லாரும் நினைத்தோம். அந்த 7,500 ஐ மனதில் வைத்துக்கொண்டு, நாங்கள் பார்த்த இரண்டு இடங்களின் கணக்கைச் சொல்கிறேன்.

ஒன்று வைரவபுளியங்குளத்தில். ஒராளுக்கு 6,000. மூன்று பேர் ஒரு அறையில். சமைக்கக் கூடாது. பம்பைமடுவுக்கு மன்னார் வீதியால் பஸ்ஸில் போகவேணும்.

மற்றது பம்பைமடுப் பக்கம். ஒராளுக்கு 8,500. சின்னக் குசினி ஒன்று உண்டு, மூன்று பேரும் சேர்ந்து சமைக்கலாம். வளாகத்துக்கு நடந்து போகலாம்.

தங்கச்சி உடனே "6,000 ஐ எடுப்பம் அக்கா" என்றாள். பஸ் நிலையத்து வாங்கில் இருந்து கொப்பியில் கணக்குப் போட்டோம். முதல் றூமில் பஸ்ஸுக்குப் போக வர ஒரு நாளைக்கு 150 ரூபா என்று பார்த்தால் 22 நாளுக்கு 3,300. சமைக்க முடியாததால் மத்தியானமும் இரவும் பார்சல், ஒன்று 300 படி மாதம் 18,000. வாடகையோடு சேர்த்து 27,300. இரண்டாவதில் வாடகை 8,500. மூன்று பேர் சேர்ந்து சமைத்தால், காஸோடு சேர்த்து ஒராளுக்கு 9,000 அளவில் முடியும் என்று என் அனுபவத்தில் போட்டேன். மொத்தம் 17,500.

வாடகை 2,500 கூடின றூம் மாதச் செலவில் 9,800 குறைவு!

ஆகவே வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னர் "சமைக்கலாமோ?" என்று கேளுங்கள். மாணவருக்கும், தொழிற்சாலைக்குப் போகிற பிள்ளைகளுக்கும் குசினிதான் வாடகையைத் தீர்மானிக்கிறது.

அடுத்தது கரண்ட் பில். 2022 ஆகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதன் பிறகு ஏறி இறங்கினாலும் அடிப்படை ஒன்றுதான்: பாவிக்கிற அலகு கூடக் கூட, ஒரு அலகின் விலையும் கூடும். வீட்டுக்காரரின் பிறிட்ஜ், தண்ணி மோட்டர், மூன்று றூம் பிள்ளைகளின் மின்விசிறி எல்லாம் ஒரே மீற்றரில் ஓடினால், எல்லாரும் சேர்ந்து விலை கூடின படிக்கு ஏறிவிடுவோம். பிறகு "எல்லாருக்கும் சமனாப் பிரிப்பம்" என்றால், ஒரு பல்ப்பும் ஒரு போன் சார்ஜரும் பாவிக்கிறவள் ஆற்றையோ பிறிட்ஜுக்குக் காசு கட்டுகிறாள். றூமுக்கென்று ஒரு சப் மீற்றர் இருக்கிறதா, இல்லையென்றால் எந்தக் கணக்கில் பிரிப்பது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கேட்க வெட்கமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. முதல் வருடம் வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டதற்குப் பத்து மாதம் காசு கட்டினேன்.

கண்ணால் பார்க்க வேண்டியவை

தண்ணி. எங்கட பக்கம் மாரி மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை. தை மாதம் போய்ப் பார்த்தால் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். ஆவணியில் என்ன நிலைமை என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். குசினிக்குள் விட்டால் கேத்திலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகப் படை பிடித்திருந்தால் குடிதண்ணி காசுக்கு வாங்க வேண்டி வரலாம். அதையும் வாடகையோடு கூட்டுங்கள்.

வெள்ளம். 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனை வீட்டுக்குள் தண்ணி வந்தது என்று எங்களுக்குத் தெரியும். சுவரில் பழைய தண்ணிக் கோடு இருக்கிறதா பாருங்கள். புதுப் பெயின்ற் அடித்திருந்தால் பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் பெயின்ற் அடிக்க மாட்டார்.

கதவு. உள்ளே இருந்து பூட்டலாமா? வீட்டுக்காரரிடம் இன்னொரு திறப்பு இருக்கிறதா? கக்கூஸ் வெளியில் என்றால் அங்கே போகிற வழியில் லைற் இருக்கிறதா? இதை ஆண் நண்பர்கள் ஒரு சின்ன விசயமாக நினைக்கக்கூடும். இரவு இரண்டு மணிக்கு வளவைக் கடந்து கக்கூசுக்குப் போகிற ஒரு பெட்டைக்கு அது சின்ன விசயம் இல்லை. ஒரே இடத்தைப் பகலில் ஒருதரம், பொழுதுபட்ட பிறகு ஒருதரம் பாருங்கள். ஏலுமானால் முதல் அங்கே இருந்து போன பிள்ளையுடன் கதையுங்கள். அவள் ஏன் போனாள் என்பதில் பாதி விசயம் இருக்கும்.

"எவடம்?" என்ற கேள்வி

இப்போது கஷ்டமான பகுதி. "எவடம்?" என்று கேட்பது எங்கட சனத்தின் வழக்கம், பாசத்திலும் கேட்பார்கள். ஆனால் வாடகைக்கு இடம் தேடிப்போன இடத்தில் "சொந்த இடமே அதுவோ?" என்ற இரண்டாவது கேள்வி வருகிறபோது, அது ஊரை மட்டும் கேட்கவில்லை. சாதியைக் கேட்கிறது. 1958, 1977, 1983 வன்முறைகளுக்குப் பிறகு மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வன்னிக்கு வந்து, காடு வெட்டி, கழனி செய்து, போரிலும் எங்களோடேயே செத்த சனத்தின் பேரப்பிள்ளைகளை "நீங்கள் உண்மையில எவடம்?" என்று கேட்கிறது. என் வகுப்பில் இருக்கும் ஒரு சிநேகிதி, பிறந்து வளர்ந்ததெல்லாம் கிளிநொச்சி. றூம் தேடும்போது அப்பம்மாவின் ஊரைச் சொல்ல வேண்டி வந்ததாம். சொன்ன பிறகு "றூம் வேற ஆளுக்குச் சொல்லிப்போட்டம்" என்றார்களாம். அடுத்த கிழமையும் அந்த மட்டை அந்தக் கேற்றில்தான் தொங்கியது.

இந்தக் கேள்வியின் வலி எங்களுக்குப் புதிதில்லை. 2007 யூன் 7 விடியப்புறம் கொழும்பில் லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். கொழும்பில் இருப்பதற்குச் சரியான காரணம் இல்லை என்று சொன்னார்கள். அந்தப் பஸ்களில் பல வந்து நின்ற இடம் இதே வவுனியா. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட, அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்தை நிறுத்தச் சொல்லி இடைக்காலத் தடை கொடுத்தது. வாடகை அறையில் இருக்கிற ஒருவரைப் பார்த்து "நீ எந்த ஊர், ஏன் இங்கே இருக்கிறாய்?" என்று கேட்டால் என்ன ஆகும் என்று நாங்கள் அன்றைக்குப் பார்த்தோம். அரசாங்கம் கேட்டபோது அது அநியாயம் என்றால், எங்கட கேற்றடியில் நின்று நாங்களே கேட்கும்போது அதற்கு வேறு பெயர் என்ன?

"அப்பா எங்க?" என்ற கேள்வியும் அப்படித்தான். கணவனை இழந்த, கணவனைத் தேடிக்கொண்டிருக்கிற பெண்கள் இவ்வளவு பேர் வீட்டைக் கொண்டு நடத்துகிற மாவட்டங்களில், ஒரு ஆம்பிளையின் முகத்தைப் பார்த்தால்தான் றூம் என்பது என்ன நியாயம்? தங்கச்சி அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அக்கா, அம்மா வந்திருந்தாலும் காணாதோ?" எனக்குப் பதில் வரவில்லை.

வீட்டுக்காரருக்கும் பயம் உண்டு

இவ்வளவும் சொல்லிவிட்டு வீட்டுக்காரர் எல்லாரையும் கெட்டவர் ஆக்கிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. நாங்கள் கடைசியாகப் போன வீடு பம்பைமடுப் பக்கத்து 8,500 ரூபா வீடு. அந்த அம்மாவும் தனிய இருக்கிறவ. அறை இறக்குவதற்கு எடுத்த கடனைக் கிழமைக்குக் கிழமை கட்டுகிறா. போன வருடம் இருந்த பிள்ளைகள் இரண்டு மாத கரண்ட் பில்லைக் கட்டாமல் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்களாம். "ஆம்பிளை ஒராள் வந்து நிண்டு கதைச்சா, நாளைக்கு ஒரு பிரச்சினை எண்டா ஆரிட்டப் போய்க் கேக்கிறது எண்டு தெரியும் பிள்ளை" என்றா.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவ கேட்பது எங்கட அப்பாவை இல்லை. ஒரு உத்தரவாதத்தை. எழுத்தில் ஒன்றும் இல்லாத இடத்தில் ஆம்பிளையின் முகமும், ஊரின் பெயரும், சாதியும்தான் உத்தரவாதமாக நிற்கின்றன. எழுத்து வந்தால் இவை விலகுவதற்கு ஒரு இடமாவது கிடைக்கும். சாதி பார்க்கிறவர் தாள் இருந்தாலும் பார்ப்பார், அது வேறு சண்டை. ஆனால் பயத்தில் கேட்கிறவர்களுக்குத் தாள் காணும்.

"அன்ரி, ஒரு தாளில எழுதுவமோ?" என்று கேட்டேன். கொப்பியின் நடுத்தாளைக் கிழித்து இரண்டு பிரதி எழுதினோம். வாடகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள். அட்வான்ஸ் எவ்வளவு, போகும்போது எத்தனை நாளுக்குள் திருப்பித் தருவது, எதற்காக மட்டும் கழிக்கலாம். கரண்ட் எப்படிப் பிரிப்பது. சமையல், விருந்தாளி, கேற் பூட்டும் நேரம். விடுவதென்றாலும் விடச் சொல்வதென்றாலும் ஒரு மாதம் முதல் சொல்ல வேண்டும். அறைக்குள் இருக்கும் கட்டில், மேசை, மின்விசிறி என்னென்ன நிலையில் இருக்கின்றன. கீழே இரண்டு பேரின் கையெழுத்து, அடையாள அட்டை இலக்கம். மாதா மாதம் காசு கொடுக்கும்போது அதே தாளின் பின்பக்கம் தேதி போட்டு ஒரு சின்னக் கையெழுத்து.

இந்தத் தாள் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1840 இன் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சியோடு எழுதப்பட வேண்டும். ஆகவே ஒரு கொப்பித்தாளை நீட்டி "ஒரு வருடம் இருக்க எனக்கு உரிமை" என்று வாதாட முடியாது. 1972 இன் வாடகைச் சட்டத்தைப் பற்றிச் சிலர் பெரிதாகச் சொல்வார்கள். அது பழைய நகரத்து வாடகை வீடுகளை மனதில் வைத்து வந்த சட்டம். 2023 இல் வந்த முதலாம் இலக்கச் சட்டமோ, குத்தகைக்கு விட்ட இடத்தை உரிமையாளர் திரும்பப் பெறுவதற்கானது. எங்கள் பக்கம் சட்டம் மெலிவுதான். ஆனால் எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தோம், என்ன பேசினோம் என்பதற்கு அந்தத் தாள் சாட்சி. அதைவிட முக்கியம், எழுதுவதற்காக இரண்டு பேரும் ஒருதரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாய் திறந்து கதைக்க வேண்டி வருகிறது. பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

நாங்கள் செய்யக்கூடியது

இதை ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒவ்வொரு கேற்றடியிலும் செய்துகொண்டிருக்க முடியாது. மாணவர் ஒன்றியங்கள் ஒரு பட்டியலை வைத்திருக்கலாம்: எந்த வீடு, என்ன வாடகை, கிணறு எப்படி, மீற்றர் எப்படி, அட்வான்ஸ் ஒழுங்காகத் திரும்பியதா. சீனியர் போகும்போது ஜூனியரிடம் நோட்ஸ் கொடுக்கிற மாதிரி இதையும் கொடுத்துவிட்டுப் போகலாம். பல்கலைக்கழகங்கள் தமிழில் ஒரு பக்க மாதிரி உடன்படிக்கை ஒன்றை அச்சடித்து மாணவருக்கும் வீட்டுக்காரருக்கும் கொடுக்கலாம். செலவு ஒரு போட்டோ கொப்பிக் காசு. மாநகர சபையும் பிரதேச சபைகளும், தங்கள் நகரத்தில் வாடகைக்கு இருக்கிறவர்களும் அந்த நகரத்துச் சனம்தான் என்று நினைக்கத் தொடங்கலாம். நாளைக்கு எங்கட இந்தியன் வீட்டுத்திட்ட வீட்டில் பின்பக்கம் ஒரு அறை இறக்கி நாங்கள் வாடகைக்கு விடுகிற நாளில், இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விடலாம். அதற்குச் சட்டம் தேவையில்லை.

தாளில் "பாதுகாவலர்" என்று ஒரு கோடு போட்டிருந்தோம். அன்ரிதான் அது வேணும் என்றா. அடுத்த ஞாயிறு அம்மா புதுக்குடியிருப்பிலிருந்து பஸ் ஏறி வந்தா. ஒரு நார்ப்பையில் தேங்காயும் முருங்கைக்காயும் கொண்டுவந்தா. தாளை முழுதாக ஒருதரம் வாசித்தா. பிறகு பேனையை வாங்கி, அந்தக் கோட்டில் தன் பெயரை எழுதினா.

அன்ரி அதைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து அலுமாரிக்குள் வைத்தா. வேறு ஒரு ஆளையும் கேட்கவில்லை.